திருப்பிப் பிடித்த நோட்டு

"கொடுத்தானா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

"அவசரப்படாதேக்கா. இன்னும் நாப்பது பக்கம் இருக்கு."

"பக்கம் உனக்கு. எனக்கு இன்னும் ரெண்டரை மணி நேரம். அதுக்குள்ள முடிச்சுடு. போன கதையில அந்தத் தையக்காரியைக் கதவைத் தட்டின கையோட விட்டுட்டுப் போயிட்ட. ரெண்டு நாள் நான் அந்த வாசல்லயே நின்னுட்டிருந்தேன்."

"நானும்தான் நின்னேன்," என்றது பக்கத்துக் கட்டில். "கால் கடுத்துப் போச்சு."

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். அந்த டயாலிசிஸ் அறையில் எல்லோருக்கும் அவர் டிரைவரண்ணன். அக்காவுக்கு வாரத்தில் எந்த மூன்று நாளோ அவருக்கும் அதே மூன்று நாள். காலை ஏழு மணிக்கு வந்து, எடை பார்த்து, படுத்து, கையில் இரண்டு ஊசிகளை வாங்கிக்கொண்டால் பதினொரு மணி வரை அசையக்கூடாது. ரத்தம் ஒரு குழாயில் வெளியே போய், இயந்திரத்தில் சுத்தமாகி, இன்னொரு குழாயில் உள்ளே வரும். தங்கைக்கு முதல் மாதம் அந்தச் சிவப்பைப் பார்க்கவே முடியவில்லை. அப்போதுதான் பையிலிருந்த நாவலை எடுத்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டாள். "நீ மட்டும் தப்பிச்சுப் போறியே, என்னையும் கூட்டிட்டுப் போ," என்றாள் அக்கா. கதை சொல்வது அப்படி ஆரம்பித்தது.

அக்கா நாவல் படிக்கிற ஆள் இல்லை. பள்ளிச் சீருடை தைக்கும் இடத்தில் துணி வெட்டுகிறவள். நாற்பது மடிப்புத் துணியை ஒரே இழுப்பில் கோடு பிசகாமல் வெட்டுவாள். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் மூன்றாவது வரியில் கொட்டாவி வந்துவிடும். அதுவும் தங்கை படிப்பது எல்லாம் எங்கெங்கோ தூர தேசத்து மொழிகளிலிருந்து தமிழுக்கு வந்தவை. "பேரெல்லாம் ரயில் பெட்டி மாதிரி நீளமா இருக்கே, எஞ்சின் எது கடைசிப் பெட்டி எதுன்னே தெரியல," என்பாள். அதனால் சொல்லும்போது தங்கை பெயர்களைக் கழற்றிவிடுவாள். பெரியவன், சின்னவன், தையக்காரி, தபால்காரன். பெயர் போனதும் அவர்கள் எல்லோரும் பக்கத்துத் தெருவில் குடியிருப்பவர்களைப் போல அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

இன்றைக்குத் தபால்காரன். வருடத்தில் எட்டு மாதம் பனி மூடிக்கிடக்கும் மலையூர். போருக்குப் போன மகனின் கடிதத்துக்காக ஒரு தாய் காத்திருக்கிறாள். கடிதம் வருகிறது. ஆனால் உறையின் மேலேயே ராணுவ முத்திரை இருக்கிறது. அது என்ன செய்தி என்று தபால்காரனுக்குத் தெரியும். அதைத் தன் பையின் உள்அறையில் வைத்துக்கொள்கிறான். வாரா வாரம் அவள் வீட்டுப் படியேறி, அடுப்போரம் குளிர்காய்ந்து, "இன்னைக்கு ஒண்ணும் இல்லம்மா," என்று சொல்லிவிட்டு இறங்குகிறான். பதினேழு வருடம்.

"பாவி," என்றாள் அக்கா. "கொடுத்தானா?"

"கொடுத்துட்டான்," என்றாள் தங்கை. "ஒருநாள் மனசு தாங்காம கொடுத்துட்டான். பிரிச்சுப் பார்த்தா, மகன் சாகல. வேற ஊர்ல ஆஸ்பத்திரியில இருக்கான், குணமானதும் வர்றேன்னு எழுதியிருக்கான்."

டிரைவரண்ணன் ஊசி குத்தாத கையால் கட்டில் கம்பியைத் தட்டினார். "அப்படிப் போடு. வண்டி லேட்டானாலும் டிப்போவுக்கு வந்து சேர்ந்துடுச்சு பாரு."

அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புத்தகத்தில் அப்படி இல்லை. புத்தகத்தில் அந்தத் தாய் காத்திருந்தபடியே இறந்துபோகிறாள். தபால்காரன் பிரிக்காத உறையை அவள் கைக்கடியில் வைத்து மண் தள்ளுகிறான். தங்கை எந்த முடிவையும் உள்ளபடி சொல்லி ஐந்து மாதமாகிறது. முதலில் மாறியது ஓடக்காரச் சகோதரர்களின் கதை. சின்னவன் ஆற்றில் மூழ்கும் பக்கத்துக்கு வந்தபோது அக்காவுக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கியது. உதடு வெளுத்து, கண் மேலே செருகி, நர்ஸம்மா ஓடிவந்து கால்பக்கத்தை உயர்த்தி வைத்தாள். கொஞ்சம் தெளிந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "சின்னவன் என்னடி ஆனான்?" என்பதுதான். "நீந்தி வந்துட்டான்க்கா," என்றாள் தங்கை. வேறு எந்தச் சொல்லும் அந்த நேரத்தில் அவள் வாயில் வந்திருக்காது.

ஒருமுறை கரையேற்றிய பிறகு அடுத்தவர்களை மட்டும் எப்படி மூழ்கவிடுவது? இப்போதெல்லாம் எந்த நாவலிலும் கடைசி ஐம்பது பக்கங்களை அவள் வழி தேடுகிறவளைப் போலப் படித்தாள்: எங்கே திருப்பலாம், எந்தக் கதவைத் திறந்துவிடலாம். வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைச் சட்டத்தில் பொருத்திக்கொண்டிருக்கும்போதும் இறந்துபோக வேண்டிய ஒருவனை எழுப்பி உட்கார வைத்துக்கொண்டிருப்பாள். உள்ளபடி வாசித்ததை வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. அக்காவின் தண்ணீர் நோட்டைத் திருப்பிப் பிடித்துப் பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தாள்.

தண்ணீர் நோட்டு என்பது அந்த அறையில் எல்லோரிடமும் இருந்தது. ஒரு நாளைக்கு அக்காவுக்குக் குடிக்க அனுமதி முக்கால் லிட்டர்தான். டீ நூறு, மாத்திரைக்கு ஐம்பது, ஐஸ் துண்டு இரண்டு. எல்லாம் அதில் ஏற வேண்டும். கூடவே இயந்திரத்துக்கு முன் எடை, பின் எடை. முன்பக்கத்தில் அக்கா குடித்தது. பின்பக்கத்தில் தங்கை படித்தது. நடுவில் வெற்றுத்தாள்கள் குறைந்துகொண்டே வந்தன. இரண்டையும் எழுதுவது தங்கைதான், அக்கா நோட்டைத் தொடுவதே இல்லை என்பதால் அது பத்திரமான இடம் என்று நினைத்திருந்தாள்.

சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் இந்த நோயைக் கொண்டுவந்தது அப்பாவின் ரத்தம். அப்பாவை அது ஐம்பது வயதுக்குள் முடித்தது. அதனால்தான் தங்கை தன் சிறுநீரகத்தைத் தருகிறேன் என்றபோது அக்கா நான்கு மாதம் ஒத்துக்கொள்ளவில்லை. "பரிசோதனைக்குப் போகாதே. போனா உனக்கும் இருக்கான்னு தெரிஞ்சுபோகும். எனக்கு அது தெரிய வேண்டாம்," என்றாள். "எனக்கு ஒண்ணும் இருக்காதுக்கா, நான் அம்மா ஜாடை," என்று தங்கை விடாமல் நச்சரித்தாள். கடைசியில் அக்கா சம்மதித்தாள். சம்மதித்த பிறகு வந்ததுதான் பெரிய ஆபத்து: அவள் ஆசைப்பட ஆரம்பித்தாள். "எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் முதல்ல என்ன பண்ணப்போறேன் தெரியுமா? நின்ன வாக்குல ஒரு சொம்புத் தண்ணி. மடமடன்னு. தொண்டை வழியா இறங்குற சத்தம் எனக்கே கேக்கணும்."

ஸ்கேன் முடிவு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. தங்கையின் இரண்டு சிறுநீரகங்களிலும் அதே சின்னச் சின்ன நீர்க்கட்டிகள். "இப்போதைக்குப் பயப்பட ஒண்ணுமில்ல. பல வருஷம் நல்லா இருப்பீங்க. ஆனா கொடுக்க முடியாது," என்றார் டாக்டர். கொடுக்க முடியாது என்பது மட்டும்தான் அவள் காதில் விழுந்தது. மற்றது பஸ்ஸில் பாதி வழியில்தான் உறைத்தது. காகிதத்தை நான்காக மடித்துத் தபால்காரன் நாவலுக்குள் வைத்தாள். "ரிப்போர்ட் லேட்டாகுமாம்க்கா," என்று வீட்டில் சொன்னாள். அன்றிலிருந்து அந்த நாவலைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"ஊசி மருந்து தீர்ந்துபோச்சு, கீழ மருந்துக் கவுண்டர்ல போய் வாங்கிட்டு வந்துடும்மா," என்று நர்ஸம்மா சீட்டை நீட்டினாள். நாவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தங்கை இறங்கிப் போனாள். வரிசை நீளமாக இருந்தது. முன்னால் நின்றவர் சீட்டைத் தொலைத்துவிட்டு எல்லாப் பைகளையும் தடவிக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் ஆனது.

மேலே வந்தபோது அறையில் சத்தம் இல்லை. அதாவது இயந்திரங்களின் சத்தம் மட்டும் இருந்தது. டிரைவரண்ணன் சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். அக்கா ஒற்றைக் கையால் நோட்டைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அட்டையின் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்பதைக் கட்டிலை எட்டுவதற்கு முன்பே தங்கை பார்த்துவிட்டாள்.

"நர்ஸம்மா போன வார எடை கேட்டாங்க," என்றாள் அக்கா. "பையிலேர்ந்து எடுத்துத் திறந்தேன். தலைகீழாப் பிடிச்சுட்டேன் போல."

தங்கை மருந்துப் பொட்டலத்தை மேசையில் வைத்தாள். உட்காரவில்லை.

அக்கா எழுத்துக்கூட்டுகிறவளைப் போல மெதுவாக வாசித்தாள். "சின்னவன் மூழ்கும் இடம் இரண்டே வரி. மறுநாள் காலை பெரியவன் இரண்டு துடுப்புகளையும் துடைத்து வைக்கிறான். இனி ஒன்று போதும் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் இரண்டையும் துடைக்கிறான். இதைப் படித்துக்கொண்டே பஸ்ஸில் என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்." நிமிர்ந்தாள். "எவ்வளவு நல்லா இருக்கு இது. இதை ஏண்டி எனக்குச் சொல்லல?"

"அக்கா, அன்னைக்கு உனக்கு..."

"தையக்காரி தட்டின வீட்டுல ஆளே இல்லையாமே. பூட்டின கதவுமேல காது வெச்சு உள்ளே கடிகாரம் ஓடுறதைக் கேக்கிறாளாமே. நீ அவ அம்மாவைக் கூட்டிவந்து கதவைத் திறக்க வெச்ச."

"நான் கம்பியைத் தட்டினதையாவது திருப்பிக் கொடு பாப்பா," என்றார் டிரைவரண்ணன் சுவரைப் பார்த்தபடியே. சிரிக்க வைக்கத்தான் சொன்னார். குரல் அதற்கு ஒத்துழைக்கவில்லை.

அக்கா அடுத்த தாளைக் கட்டைவிரலால் தள்ளினாள். கையிலிருந்த குழாய் லேசாக ஆடியது. "ஆட்டாதேக்கா," என்று தங்கை குனிந்தாள். அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. "தபால்காரனைப் பற்றி எழுத எனக்கு எரிச்சலாக வருகிறது. இவனை நல்லவன் என்று பலர் சொல்வார்கள். அடுத்தவர் பெயர் எழுதிய உறையைக் கொடுக்காமல் வைத்திருப்பது அன்பா? அவள் எவ்வளவு தாங்குவாள் என்று அளக்க இவன் யார்?"

தங்கைக்குத் தான் அதை எழுதிய மத்தியானம் ஞாபகம் வந்தது. கடையில் கூட்டமில்லாத நேரம். ஸ்கேனுக்கு ஒரு வாரம் முன்னால். கடைசிக் கேள்விக்குறியை அழுத்திப் போட்டதில் தாள் கிழியப் பார்த்தது. எழுதி முடித்ததும் பெரிய நியாயம் ஒன்றைச் சொல்லிவிட்ட நிறைவில் மூக்குக்கண்ணாடிகளுக்கு நடுவே தனியாகச் சிரித்துக்கொண்டாள். அன்று அப்படிச் சிரித்த அந்தப் பெண்ணை இப்போது பார்த்தால் என்ன சொல்வது? அவன் பையில் அந்த உறை எவ்வளவு கனத்திருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. வாரா வாரம் படியேறும்போது கால் எப்படிப் பின்னும் என்று தெரியாது. அந்த நாவலில் ஒரு வரியும் அவளைத் தொட்டிருக்கவில்லை. அவள் தீர்ப்பு மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

"நல்லாத்தான் கேட்டிருக்க," என்றாள் அக்கா. நோட்டை மூடி வயிற்றின் மேல் வைத்தாள். ஊசிக்கு மேலே அவள் முழங்கையின் உள்பக்கம் நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. "இங்க வா. உக்காரு."

உட்கார்ந்தாள்.

"சின்ன வயசுலேர்ந்து உனக்கு ஒரு பழக்கம். பொய் சொன்னா குரல் நைசாயிடும், இஸ்திரி போட்ட துணி மாதிரி. தையக்காரிக்குக் கதவு திறந்துச்சுன்னு சொன்னப்ப அந்தக் குரல். இப்ப, மகன் சாகலன்னு சொன்னப்ப அந்தக் குரல். கதைதானே, இருந்துட்டுப் போகட்டும்னு கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். எனக்கும் பிடிச்சுத்தான் இருந்துச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ரிப்போர்ட் லேட்டாகுமாம்க்கான்னு சொன்ன பாரு. அன்னைக்கும் அதே குரல்டி."

தங்கை கக்கத்தில் இருந்த நாவலை இன்னும் இறுக்கினாள். அப்படி இறுக்கியதே தப்பு என்று இறுக்கிய பிறகுதான் புரிந்தது. அக்காவின் கண் அங்கே போனது. புத்தகத்தின் தாள்கள் எல்லாம் பழுப்பு. நடுவில் ஒரு வெள்ளை விளிம்பு நகத்தளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

டிரைவரண்ணன் கண்களை மூடிக்கொண்டார். தூங்காத மனிதன் மூடும் விதமாக.

"எனக்கு வந்த உறைதானே அது?" என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை. துணிமேல் சுண்ணக்கட்டியால் கோடு போடும்போது இருக்கும் கவனம்தான் இருந்தது. "என் சொம்புத் தண்ணி போனாப் போகுது. உன்னைப் பத்தி அதுல என்ன இருக்கு? பிரிச்சு வாசி. இந்த ஒரு தடவை மட்டும், அச்சுல இருக்கிறபடி."

கட்டிலோர மேசையில் அவளுக்கென்று காலையில் வைத்த இரண்டு ஐஸ் துண்டுகள் டம்ளருக்குள் முழுவதும் உருகி, அடியில் ஒரு வாய்த் தண்ணீராகக் கிடந்தன. இயந்திரம் ஓடும் அதிர்வில் அதன் மேல் சிற்றலை வட்டம் வட்டமாக எழுந்து, விளிம்பைத் தொடுவதற்குள் மறைந்துகொண்டிருந்தது.