தேவநாதனுக்கு விடுதலை

வக்கீல் காயத்ரி தன் செல்போனை மேசையின் குறுக்கே நீட்டியபோது இளமதி முதலில் பார்த்தது பனியைத்தான். நார்வேயில் ஏதோ ஓர் ஊர். கனத்த கோட்டு போட்ட பத்துப் பதினைந்து பேர் ஒரு கட்டடத்தின் முன்னால் நின்றார்கள். எல்லோர் கையிலும் அட்டை, அட்டையில் அவள் கணவன் செந்தமிழ்செல்வனின் படம். பாஸ்புக்கில் ஒட்டுவதற்காகக் குறிஞ்சிப்பாடி ஸ்டுடியோவில் எடுத்தது. சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. அன்றைக்கே இழுத்துவிட்டிருக்கலாம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. படத்துக்குக் கீழே இங்கிலீஷில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள். தேவநாதனை விடுதலை செய்.

தேவநாதன் அவளுடைய மாமனார். இறந்து பதினோரு வருஷம் ஆகிறது.

தப்பு அவளுடையதுதான். கதிர் முற்றிய வயலைக் கம்பெனிக்காக எடுக்கிறோம் என்று பொக்லைனை இறக்கிய அன்று, அதன் முன்னால் போய்ப் படுத்தவர்களில் செந்தமிழ்செல்வன் முதல் ஆள். குண்டர் சட்டத்தில் தூக்கி உள்ளே வைத்துவிட்டார்கள். இப்படி உள்ளே போகிறவர்களுக்காக உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் கடிதம் எழுதுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது என்று காயத்ரி ஒரு படிவத்தைப் போனில் அனுப்பினாள். அதில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். நம் ஊரில் இனிஷியல்தானே முன்னால் வரும்? தே. செந்தமிழ்செல்வனை விரித்து, முதல் கட்டத்தில் மாமனாரை உட்காரவைத்தாள், கடைசியில் புருஷனை. அங்கன்வாடிப் பிள்ளைகள் அத்தனை பேரின் பெயரையும் பிழையில்லாமல் பதிகிறவள் என்ற தெம்பு வேறு. காயத்ரியும் ஒருமுறை பார்த்தாள். அவளுக்கும் தப்பாகத் தெரியவில்லை.

அங்கே இருந்தவர்கள் முதல் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். ஏழு நாட்டிலிருந்து அரசாங்கத்துக்குக் கடிதங்கள் வந்து குவிந்தன. மேலிடத்திலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரே பதில் போனது. தேவநாதன் என்று எவரும் எங்கள் காவலில் இல்லை. கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யலாம், அவ்வளவு உண்மையான பதில். அதை நம்பி அந்தக் கூட்டத்தார் காயத்ரிக்கு எழுதியிருந்தார்கள். அவர் வெளியே வந்ததில் மிகவும் மகிழ்ச்சி, வெள்ளிக்கிழமையோடு எங்கள் வேலையை முடித்துக்கொள்கிறோம் என்று.

அரசாங்கக் கடிதத்துக்கு எதிராக வக்கீல் வாய் வார்த்தை செல்லாது. வீட்டு ஆள் ஒருவர் தன் பெயரைச் சொல்லி, படத்தோடு மறுக்கவேண்டும்.

“அதுலதான் சிக்கல் அக்கா,” என்றாள் காயத்ரி. “வெளிநாட்டுக்கு எழுதுனது யாருன்னு ஊரு முழுக்க விசாரிக்கிறாங்க. நீங்கதான்னு தெரிஞ்சா மொதல்ல வேல போயிடும். அப்புறம் உங்க மேலயும் கேசு.”

வீட்டில் இப்போது உலை கொதிப்பதே அந்த அங்கன்வாடிச் சம்பளத்தில்தான். காயத்ரியின் ஆபீஸ் இருந்த மேலவீதியிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே வந்த இளமதிக்கு வழியில் எதிர்ப்பட்ட எதுவும் மனதில் பதியவில்லை.

மறுநாள் கடலூர் ஜெயிலுக்குப் போய் மனு கொடுத்துக் காத்திருந்தாள். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் இருபது பேர், அந்தப் பக்கம் இருபது பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினால்தான் பேச்சு. ரகசியம் சொல்வதற்கு உலகத்திலேயே மோசமான இடம். நடந்ததை அவள் சொல்லி முடித்ததும் செந்தமிழ்செல்வன் விழுந்து விழுந்து சிரித்தான். தேவநாதன் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிற தெருவில்கூட நடக்காமல் வயல் வழியாகச் சுற்றிப் போகிற மனிதர். காக்கி பேண்ட் போட்ட பஸ் கண்டக்டருக்கே துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டியவர்.

“எங்கப்பா பேர அவுங்க சத்தம் போட்டுச் சொல்றாங்களா?” என்று கேட்டான். சிரிப்பு போய், கண்ணைப் புறங்கையால் துடைத்தான்.

பிறகு, எதுவும் எழுதவேண்டாம் என்றான். ஒருத்தர் உள்ளே இருப்பது போதும், பாப்பாவை யார் பார்ப்பது, அவர்கள் முடித்துக்கொண்டால் முடித்துக்கொள்ளட்டும். இளமதிக்குச் சுரீரென்று கோபம் வந்தது. நிலம் போனால் போகிறது, நீ போகாதே என்று அவள் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சியபோது கேட்காத மனிதன், இப்போது அவளுக்கு மட்டும் அடக்கம் சொல்லித் தருகிறான்.

“ஏழு நாட்டுக்கும் நீ வெளிய வந்துட்டன்னு நெனப்பு மாமா,” என்று வலையில் முகம் படக் கத்தினாள். “அப்ப இங்க என் முன்னாடி நிக்கிறது யாரு?”

அவன் வாயைத் திறப்பதற்குள் வார்டர் நேரம் முடிந்தது என்று தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் காயத்ரி ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தாள். இளமதி அங்கன்வாடியிலிருந்து கொண்டுவந்திருந்த காய்கறிப் படச் சார்ட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்க வெள்ளையில் செந்தமிழ்செல்வன் என்று எழுதினாள். முன்னால் எந்த எழுத்தும் இல்லை. அடியில், இன்னமும் ஜெயிலில்தான் இருக்கிறார் என்று தமிழிலும் இங்கிலீஷிலும். அவசரத்தில் ‘ஜெ’ கொஞ்சம் கோணிவிட்டது. போனில் வீடியோ எடுக்கக் காயத்ரி அவளை வாசலில் நிறுத்தினாள். சார்ட்டை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் போதும், யாரென்று தெரியவேண்டாம், குரல் மட்டும் பேசட்டும், இது போதுமா என்று அந்தக் கூட்டத்தாரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றாள். இளமதி அப்படியே பிடித்தாள். காகிதத்துக்குப் பின்னால் அவளுடைய மூச்சே அவளுக்குச் சூடாகத் திரும்பி வந்தது.

தெருவில் பைக் ஒன்று வந்து நின்றது. எட்டிப் பார்த்தாள். ஒரு வாரமாக ஊரில் விசாரித்துக்கொண்டிருந்த ஏட்டு, மப்டியில், வண்டியிலிருந்து இறங்காமலே பையிலிருந்து போனை எடுத்து அவளை நோக்கித் தூக்கினார். காயத்ரி தன் போனைச் சட்டென்று தாழ்த்தினாள்.

“நீ எடு காயத்ரி,” என்றாள் இளமதி.

சார்ட்டை மார்பு வரைக்கும் இறக்கினாள். இரண்டு போன்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஏட்டின் போனையே பார்த்தபடி, “என் பேரு இளமதி,” என்று தொடங்கினாள்.