அக்கா பாத்துக்குவாங்க

செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயன ஆலைக்கு வாயுக்கசிவு அலாரம். அதற்கான மென்பொருளைக் கடலூர் அலுவலகத்தில் ஐந்து பேர் எழுதுகிறோம். என் வீட்டுக்காரர் கதிர்வேலுக்கு அந்த ஆலையில்தான் ஷிப்ட்.

இரண்டு பேர் ஒரே வரியை வேறு வேறாக மாற்றிவிட்டால் கணினி அப்படியே நின்றுவிடும். எது இருக்கட்டும் என்று ஒருவர் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் எப்போதும் நான்தான். தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவளுக்கு இது வேறு தலையெழுத்து.

அலுத்துப்போய் நானே ஸ்கிரிப்ட் என்கிற குட்டி நிரல் ஒன்றை எழுதினேன். நான் ஒருமுறை சொன்ன முடிவை நினைவில் வைத்துக்கொண்டு, அதே வரிகள் மறுபடி மோதினால் என்னைக் கேட்காமலே அதையே செய்யும். எங்கள் ஐந்து பேரில் ஒருவனான ஜெயப்பிரகாஷ் அதற்கு ‘அக்கா’ என்று பெயர் வைத்தான். “அக்காகிட்ட உட்டுடு, அவுங்க பாத்துக்குவாங்க” என்று ஆளாளுக்குச் சிரித்தார்கள். எனக்கும் ஐந்தரை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

நேற்று மத்தியானம் கதிர்வேல் போன் செய்தார்.

“கண்ணு எரியுது இளமதி. வால்வு கசிஞ்சிருக்கு, அலாரம் அடிக்கவே இல்ல. எங்கூட ஷிப்ட் பாக்குற தங்கராசுதான் வாடை புடிச்சி கத்துனான். எல்லாரும் வெளிய ஓடியாந்துட்டோம்.”

“ஒங்களுக்கு ஒண்ணுமில்லையே மாமா?”

“எனக்கு ஒண்ணுமில்ல. அவனத்தான் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிருக்காங்க.”

அலாரம் மென்பொருளைத் திறந்து பார்த்தேன். காற்றில் வாயு பத்து அளவைத் தொட்டதுமே அடிக்க வேண்டிய அலாரம், நாற்பதைத் தொட்டால்தான் அடிக்கும் என்று இருந்தது.

நாற்பது, சோதனைக்காக ஜெயப்பிரகாஷ் போட்டது. அதை வைத்த முடிவுக்கு நேரே என் பெயர். பிப்ரவரி, சாயங்காலம் ஐந்து இருபது. ஞாபகம் வந்தது. கடலூர் பஸ் ஸ்டாண்டு, கையில் செல்போன். “இன்னிக்கு மட்டும் நாப்பது இருக்கட்டும்க்கா” என்றான் போனில். அவனோடு மல்லுக்கட்டத் தெம்பில்லை. சரி என்று அழுத்திவிட்டுப் பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பத்து என்று திருத்தினேன். பத்தும் நாற்பதும் மறுபடி மோதின. ‘இன்னிக்கு மட்டும்’ என்பது அக்காவுக்குத் தெரியாது. நாற்பதை வைத்தாள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் மேலேயே எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

பத்தை வைத்து ஆலைக்கு அனுப்பினேன். அக்காவை நிறுத்தினேன். உடனே நாற்பத்தொரு மோதல்கள் எனக்காக வரிசையில் வந்து நின்றன. கதிர்வேலுக்குப் போன் போட்டேன்.

“சரி பண்ணியாச்சு மாமா. தங்கராசு எப்படி இருக்காரு?”

“மூச்சு வுடறான், பரவால்ல. ஒங்க ஆபீஸ்ல எவனோ தூங்கிக்கிட்டே எழுதியிருக்கான்.”

“தூங்கல மாமா. பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டு இருந்தேன்.”