மந்திரியாரின் தேத்தண்ணி

ரஞ்சினி அன்றைக்கு அதிகம் வாய் திறப்பதில்லை என்ற முடிவோடுதான் மேற்பார்வையாளன் சஞ்சயின் அறைக்குள் போய்க் கதிரையில் உட்கார்ந்தாள். வேலை தொடங்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டண்டினொங் புறநகரின் அந்தச் சலவைத் தொழிற்சாலை ஆவி கக்கிக்கொண்டிருந்தது. பதினொரு வருடமாக ஆஸ்பத்திரிக் கட்டில் விரிப்புகளை மடித்து மடித்து அவளுடைய தோள்மூட்டு தேய்ந்துபோய்விட்டது. மனுசியும்தான்.

அவளுக்கு வேண்டியது காலை ஷிப்ட். வேறொன்றும் இல்லை. போன மாசியில் புருசன் தேவராஜாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பகல் ஒரு மணிவரை அவள் பக்கத்தில் நிற்கிறாள், பிறகு இரவு பத்து மணிமட்டும் மனுசன் தனிய. காலையில் என்றால் பக்கத்து வீட்டு மனுசி எட்டிப் பார்ப்பாள், பின்னேரத்தில் அவளும் வேலைக்குப் போய்விடுவாள். ஒருநாள் வேலை முடிந்து போனபோது குசினி நிலத்தில் கிடந்தார். சுற்றிவரச் சோறு சிந்திக் கிடந்தது. மூன்று மணித்தியாலம் அப்படியே கிடந்தாராம். "உமக்கு போன் எடுத்தா வேலை கெட்டுப்போகுமெல்லே" என்றார். அன்றையிலிருந்து, ஷிப்ட் முடிந்து வீட்டுக் கதவைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் அவளுடைய கண் முதலில் குசினி நிலத்துக்குத்தான் போகும். அது சொல்லித் தீராத பயம்.

சஞ்சயிடம் முன்பே மூன்று தடவை கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் "சொறி தம்பி" என்று மன்னிப்புக் கேட்டுத் தொடங்கி, முழுக் கதையும் சொல்லி, அவன் பதில் சொல்ல முதலே "ஏலாட்டிப் பரவாயில்லை" என்று தானே முடித்துவிட்டு வந்தவள் அவள். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். அழுத பிள்ளையே எனக்குப் பசியில்லை என்று சொல்லிவிட்டால் தாய் என்ன செய்வாள், பாவம்!

வாயை மூடுகிற வித்தையை அவளுக்குக் காட்டியவன் ஒரு கொரிய நாடகத்து வில்லன். பெயர் வாயில் நுழையாததால் அவளும் கூட வேலைசெய்கிற சந்திரவதனாவும் அவனை மந்திரியார் என்றுதான் சொல்வார்கள். பழைய காலத்து அரண்மனை, முந்நூறு வயது, நிலத்தில் நிழல் விழாது, ஆனால் பாழாய்ப்போவான் என்ன வடிவு! அடுத்தவர்களின் ஆயுளை உண்டுதான் வாழ்கிறான், ஆனால் யாருடையதையும் பறிப்பதில்லை. எதிரில் இருத்தி, தேத்தண்ணி வார்த்துக் கொடுத்து, அது ஆறும்வரை பேசாமல் இருப்பான். அந்த மௌனம் தாங்காமல் எதிரில் இருக்கிற சீவன் உளறத் தொடங்கி, கடைசியில் தானே "என் ஆயுளை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடும். அவன் பெரிய மனசுக்காரன் மாதிரித் தலையை ஆட்டி எடுத்துக்கொள்வான். நாடகத்தை ரஞ்சினிக்குக் காட்டிக்கொடுத்ததே சந்திரவதனாதான். ஒரே விரிப்பின் இரண்டு அந்தங்களில் நின்று மடித்துக்கொண்டு இருவரும் நாள் முழுக்க அவனைப்பற்றித்தான் கதைப்பார்கள்.

"எனக்குக் காலமை ஷிப்ட் வேணும், தம்பி."

அவ்வளவுதான் சொன்னாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். சென்னைப் பெடியன், நல்ல பிள்ளை. கம்ப்யூட்டரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். ஆள் பற்றாக்குறை என்றான், மேலிடம் என்றான். தொண்டைவரை வந்த "சொறி"யை அவள் விழுங்கினாள்.

"ஒரு இடம் இருக்குக்கா," என்றான் கடைசியில். "ஆனா சந்திரவதனா அக்காவுக்குத் தர்றேன்னு சொல்லி வச்சிருந்தேன்."

ரஞ்சினிக்குத் திக்கென்றது. சந்திரவதனா இதைப்பற்றி மூச்சுக்கூட விடவில்லை. நிச்சயமாகாத காரியத்தை வெளியில் சொன்னால் கண்ணூறு படும் என்று நினைக்கிறவள். வேண்டாம் தம்பி, அவவுக்கே குடும் என்று சொல்ல இந்த இடத்தில் ஒரு விநாடி இருந்தது. குசினி நிலத்துச் சோறு கண்ணுக்குள் வந்தது. அவள் பேசாமல் இருந்தாள்.

"சரிக்கா. திங்கட்கிழமைலருந்து நீங்களே வாங்க. அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

அவள் தலையை ஆட்டினாள்.

நாலு மணிபோல சஞ்சய் சந்திரவதனாவைக் கூப்பிட்டான். திரும்பி வந்தவளின் மூக்கு சிவந்திருந்தது. தன் பக்கத்து முனைகளை எடுத்துக்கொண்டாள். இரண்டு விரிப்பு மடித்த பிறகுதான் விசயத்தைச் சொன்னாள். மகள் ராகவிக்கு இது கடைசி வருசப் படிப்பாம். நாலு வருசமாகக் கிழமை நாளில் பிள்ளையோடு இருந்து ஒரு பிடி சோறு தின்றதில்லையாம். இந்த வருசமாவது என்று நினைத்தாளாம். வேறு யாருக்கோ குடுத்துவிட்டதாகச் சொல்லிப்போட்டானாம்.

எனக்குத்தான் என்று ரஞ்சினி சொல்ல வேண்டும். திங்கட்கிழமை தெரியத்தான் போகிறது. வாய் வரவில்லை. மெஷின் இரைந்துகொண்டிருந்தது. அடுத்த விரிப்பை எடுத்து உதறினார்கள்.

சந்திரவதனாவால்தான் அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை.

"உமக்குக் குடுத்திருந்தானெண்டாலாவது என்ர மனம் ஆறியிருக்கும்," என்றாள். "தேவராஜா அண்ணை தனியக் கிடக்கிறார். நீரே எடுமெண்டு நானே சொல்லியிருப்பன்."

ரஞ்சினி கழுத்தை விறைப்பாகப் பிடித்துக்கொண்டாள். எங்கே தலை தன்பாட்டில் ஆடிவிடுமோ என்று பயமாக இருந்தது. எதிரில், சூடாறாத விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்தபடி, மடிப்பதற்காகச் சந்திரவதனா அவளை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தாள்.