வெள்ளைச் சட்டை

"ஜன்னல் திரை என்ன நிறம்?"

"பச்சை."

"எத்தனை?"

"ஜன்னலுக்கு ஒண்ணு. அலமாரிக்குக் கதவு இல்ல, அதுக்கு ஒண்ணு."

"கதவு இல்லாத கதையெல்லாம் எதுக்கு தங்கச்சி? அதிகாரி வந்து கதவு மாட்டித் தரப்போறாரா? கேட்டதுக்கு மட்டும் பதில்."

குடியேற்ற அலுவலகத்துக்கு எதிரே இருந்தது அந்த ஜெராக்ஸ் கடை. நகல் எடுப்பது பெயருக்குத்தான். கடைக்காரரின் நிஜத் தொழில் ஒத்திகை. இந்த நாட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்க அனுமதி கேட்கும் வெளிநாட்டுக்காரனை, அதிகாரிகள் லேசில் நம்புவதில்லை. கணவனையும் மனைவியையும் தனித்தனி அறையில் உட்காரவைத்து ஒரே கேள்வியைக் கேட்பார்கள். பதில் ஒத்துப்போனால் கல்யாணம் நிஜம். இல்லாவிட்டால் அவன் ஊரைப் பார்த்துப் போகவேண்டியதுதான். அந்தத் தெருவில் கடைக்காரருக்குப் பெயரே 'ஒத்திகை மாஸ்டர்'.

அவள் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். அவன் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த வெல்டர். கல்யாணம் நிஜமோ நிஜம். ஆனாலும் பயம் யாரை விட்டது?

"பெருசா எதுக்குச் சண்டை போட்டீங்க?"

"சட்டைக்கு" என்றாள் அவள் உடனே. "புது வெள்ளைச் சட்டை. இஸ்திரி போட்டு மடிப்புக் கலையாம வச்சிருந்தேன். எங்கேயோ தொலைச்சுட்டு வந்து நின்னார். கேட்டா, பஸ்ல விட்டுட்டேன்னார். நாலு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன்."

"ஒரு சட்டைக்கு நாலு வருஷமா? மாப்பிள்ளை, உனக்கு ஜெயிலே தேவலை போலிருக்கே!" மாஸ்டர் சிரித்தார். "நல்ல சண்டை. அப்படியே இருக்கட்டும். அடுத்தது, பிள்ளைங்க?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"ஒண்ணு... பொறந்து..." என்று இழுத்தாள்.

"சர்டிபிகேட் இருக்கா?"

இல்லை. அந்தச் சமயத்தில் அவனுடைய விசா காலாவதியாகிக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் தகப்பனின் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள் என்று பயந்து, பக்கத்து வீட்டு நர்ஸ் அக்காவைக் கூப்பிட்டு வீட்டிலேயே பிரசவம். பிறப்பைப் பதியும் கவுன்டரிலும் அதையேதான் கேட்பார்கள். விசா சரியானதும் பதிந்துகொள்ளலாம் என்று இருந்தார்கள். மூன்றாம் நாள் குழந்தையின் மூச்சு நின்றுபோனது. பட்டறை முதலாளி அலைந்து திரிந்து விசாவைப் புதுப்பித்துக் கொடுத்தது அதற்கப்புறம்.

"காகிதம் இல்லாத பிள்ளையைப் பத்திப் பேசினா, ஏன் பதியலன்னு தோண்டுவான். விசா இல்லாம இருந்த கதை வெளியே வரும். ரெண்டு பேரும் 'இல்லை'ன்னு சொல்லிடுங்க. எங்கே, சொல்லுங்க பார்ப்போம்."

"இல்லை" என்றான் அவன்.

"இல்லை" என்றாள் அவள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா, தங்கச்சி."

மறுநாள் அவளை உட்காரவைத்த அறையில் ஜன்னல் இல்லை. நாற்காலியைத் தரையோடு திருகி வைத்திருந்தார்கள். எதிரே மூக்குக் கண்ணாடி போட்ட பெண் அதிகாரி. திரை, அலமாரி, சட்டைச் சண்டை என்று கேள்விகளெல்லாம் தடங்கலில்லாமல் போயின.

"குழந்தைங்க?"

"இல்லை." மாஸ்டர் சொன்னபடி சத்தமாகவே சொன்னாள்.

அதிகாரி எழுந்து அடுத்த அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது.

"உங்க வீட்டுக்காரர் ஒண்ணுன்னு சொல்றாரே? அவருக்கு அங்கே வேற குடும்பம் இருக்கா?"

"ஐயோ, இல்ல மேடம்! அது எங்க பிள்ளைதான். பொண்ணு. மூணு நாள் இருந்தா."

"இப்பத்தானே இல்லைன்னீங்க?"

"ஆமா."

"பெத்தவ பிள்ளையை இல்லைன்னு சொல்லுவாளாம்மா?"

இதற்கு மாஸ்டர் பதில் சொல்லிக்கொடுக்கவில்லை. அதிகாரி பிறப்புச் சான்று கேட்டார், இல்லை. சாட்சி கேட்டார். நர்ஸ் அக்கா வீடு மாறிப் போய் வருஷக்கணக்காகிறது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, கடைசியா ஒரே ஒரு கேள்வி. அவர்கிட்டயும் இதையேதான் கேட்பேன். குழந்தையை என்ன நிறத் துணியில சுத்தி வச்சிருந்தீங்க?"

"மஞ்சள்." கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. "மஞ்சத் துண்டு மேடம். ஓரத்துல நூல் பிரிஞ்சிருக்கும். நான்தான் சுத்தினேன்."

அதிகாரி போனார். அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். இதற்கு எந்த ஒத்திகையும் வேண்டியதில்லை.

அதிகாரி அவனையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"வெள்ளைன்னு சொல்றார்."

"வெள்ளையா?" அவள் அவன் பக்கம் திரும்பினாள். "வெள்ளை எங்கே இருந்துச்சு? நான் உங்க கையில கொடுக்கும்போது மஞ்சத் துண்டுலதானே இருந்தா?"

குழந்தை போன அன்றைக்கு அவள் காய்ச்சலில் கிடந்தாள். அவள் மடியிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு போனான். சாயங்காலம் அவன் வெறுங்கையோடு வந்தபோது அவள் காய்ச்சல் மயக்கத்தில் இருந்தாள். அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "துண்டோடதான் வச்சேன். மண்ணு ஈரமா இருந்துச்சு. குளிருமேன்னு என் சட்டையைக் கழட்டி மேல சுத்தினேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ரெண்டும் நிஜம் மேடம்" என்றான் அவன்.

"இருக்கலாம். ஆனா என் எதிர்ல பேசிச் சேர்த்ததை நான் எழுத முடியாது. தனித்தனியா சொன்னதைத்தான் எழுதணும்." அதிகாரி குனிந்து எழுதினார். பேனா நின்று நின்று நகர்ந்தது. 'பதில்கள் ஒத்துப்போகவில்லை.'

ஒரு மாதத்துக்குள் அவன் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும்.

வெளியே வந்ததும் ஜெராக்ஸ் கடை வாசலில் இருந்து மாஸ்டர் கைதட்டிக் கூப்பிட்டார். "மாப்பிள்ளை! என்னாச்சு? எந்தக் கேள்வியில கோட்டை விட்டீங்க?" அவருக்குப் பக்கத்தில் ஒரு புது ஜோடி பச்சையா நீலமா என்று அடித்துக்கொண்டிருந்தது. இவர்கள் நிற்கவில்லை.

பஸ் ஸ்டாப்பில் அவன்தான் முதலில் பேசினான்.

"இல்லைன்னு சொல்லத்தான் போனேன். வாய் வரலம்மா."

"எனக்கு வந்துச்சே" என்றாள் அவள்.

பிறகு அவளே கேட்டாள். "எங்கே வச்சீங்க?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற இடுகாட்டுல. பின்சுவர் ஓரமா."

"அடையாளம்?"

"ஒண்ணும் வைக்கல. யாராவது கேட்டா என்ன பதில் சொல்றதுன்னு பயம். எனக்கு இடம் தெரியும்."

"நீங்க போயிட்டா எனக்கு யார் காட்டுவா?"

வீட்டுக்குப் போகும் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இருவரையும் பார்த்தார். விசிலடித்தார். பஸ் கிளம்பிப் போனது.

ஆற்றுப் பக்கம் போகும் பஸ் எதிர்ப்புறம் நிற்கும். அவள் முன்னால் நடைபாதையிலிருந்து இறங்கி ரோட்டைக் கடந்தாள்.