மரியநாதன் கழுவிய அரைவட்டம்

1

இந்தக் கதை என் வீட்டு மாடி ஜன்னலில் கிடைத்தது. உலு திராமில் எங்கள் தாமான் குடியிருப்பின் வலைப்பந்துக் களம் அதற்கு நேர் கீழே இருக்கிறது. நான் கதை எழுதுகிறவன் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் நான் ஜன்னலில் நின்றால் "அண்ணன் யோசிக்கிறாரு" என்பார்கள். யோசிப்பதாவது! வம்புதான் பார்க்கிறேன்.

தொடக்கத்துக்கு என் முயற்சிகள்:

சனிக்கிழமைக் காலை வெயில் பொன்னாக... (அன்றைக்கு வானம் மப்பு.)

பாசி என்பது காலத்தின்... (ஐயையோ, வேண்டாம்.)

மரியநாதன் தன் மனைவிக்காக டைல் கழுவினான். (இது போதும்.)

2

மனைவி பெயர் எலைன். கிளினிக் கவுண்டரில் வேலை. எங்கள் தாமான் பெண்கள் குழுவில் கோல் போடுகிறவள். வளையத்துக்கு முன்னால் வெள்ளைக் கோட்டில் ஓர் அரைவட்டம் போட்டிருக்கும். அதற்குள் நின்றுதான் பந்தைப் போட வேண்டும்.

மரியநாதன் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிறவன். கல்யாணமான நாளிலிருந்து எலைன் ஆடுவதை அவன் ஒருமுறைகூட வந்து பார்த்ததில்லை. கார் கழுவணும், தூக்கம் வருது, வெயில் மண்டையைப் பிளக்குது என்று ஏதாவது ஒன்று இருக்கும். "நீ ஆடு லா. நான் வந்தா உனக்குக் கூச்சமா இருக்கும்" என்பான். அவளுக்குக் கூச்சமும் இல்லை, ஒன்றும் இல்லை. அவன் வந்து பார்க்க வேண்டும் என்று கொள்ளை ஆசை இருந்தது.

(இவனைக் கெட்டவனாக எழுதிப் பார்த்தேன். முடியவில்லை. காருக்கு அடியில் படுத்திருக்கும் பூனையை எழுப்புவதற்கு முன் அதனிடம் மன்னிப்புக் கேட்கிற ஆள். இவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?)

3

போன மாதம் அதே குழுவில் ஆடும் புஷ்பவள்ளி அந்த அரைவட்டத்துக்குள் பாசியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். தாமான் கமிட்டி சொல்லிவிட்டது: ஞாயிற்றுக்கிழமை சாஆ ஊர்ப் பெண்கள் ஆட வருவதற்குள் சுத்தம் செய்யாவிட்டால் களத்தைப் பூட்டிவிடுவோம். எலைன் வீட்டில் இதைச் சொல்லி அழுதிருக்கிறாள். "அழாத. நான் பாத்துக்கறேன்" என்றான் மரியநாதன்.

எங்கள் களம் ஒன்றோடொன்று கொக்கி மாட்டிய சின்னச் சின்ன நீல பிளாஸ்டிக் டைல்களால் ஆனது. கோடுகளை அவற்றின் மேல்தான் பெயின்டில் போட்டிருக்கிறார்கள். மேலே தண்ணீர் அடித்தால் மேல்பக்கம் பளபளக்கும். பாசி அடியில் சுகமாகக் குடித்தனம் நடத்தும். டைல்களைக் கழற்றி, சவர்க்காரத் தண்ணீரில் மெதுவாகத் தேய்த்து, அடியில் இருக்கும் சிமெண்டுத் தரையையும் கழுவிக் காயவிட்டு, திரும்ப மாட்ட வேண்டும். குளோரோக்ஸ் பிளீச்சைக் கொட்டினால் நிறம் போய்விடும்.

(கதையில் பாடம் நடத்துகிறேனா? நடத்திவிட்டுப் போகிறேன். உங்கள் தாமானிலும் பாசி இருக்கும்.)

4

சனிக்கிழமை எலைன் வேலைக்குப் போனதும் அவன் ஆரம்பித்தான். அரைவட்டம் இருந்த பக்கம் முழுவதையும் கழற்றி, ஒவ்வொரு டைலையும் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் தேய்த்தான். இந்த இடத்தில் உச்சக்கட்டத்தை நோக்கிக் கதை மெல்ல... (மன்னிக்கவும். நான் தூங்கிவிட்டேன். மத்தியானச் சாப்பாடு அப்படி.)

எழுந்து பார்த்தால் எல்லாவற்றையும் திரும்ப மாட்டி முடித்திருந்தான். நீலம் கண்ணைப் பறித்தது. வெள்ளைக் கோட்டுத் துண்டுகள் மட்டும் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தன. அவன் பெருமையாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அப்போது எலைன் வந்தாள்.

"அலமாக்! என்னங்க இது? கோடு எங்க?"

"எந்தக் கோடு?"

"வெள்ளைக் கோடு!"

"அது சும்மா டிசைன் இல்லையா?"

(சத்தியமாக இது என் கற்பனை இல்லை. எனக்கு இவ்வளவு நன்றாக எழுத வராது.)

"டிசைனா? வாரா வாரம் நான் நிக்கற இடங்க அது. ஒரே ஒரு நாள் வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்ல?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவன் சமாளித்திருப்பான். முகம் செத்துப்போய், "தப்புதான் எலைன். எனக்கே கேவலமா இருக்கு" என்றான்.

5

இனி முடிவுகள். முதலாவது: தாமானே திரண்டு வந்து கோத்தோங் ரோயோங் என்று கூட்டு வேலை செய்கிறது. (அரசாங்க விளம்பரம் மாதிரி இருக்கிறது.) இரண்டாவது: அவள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு... (அம்மா அடுத்த தெருவில்தான் இருக்கிறார்.)

நடந்தது இதுதான். எலைன் செருப்பைக் கழற்றிவிட்டு வளையத்தைப் பார்த்து நின்றாள். ஒரு காலைப் பின்னால் வைத்தாள். "இதுக்கு மேல பின்னால போனா கோட்டுக்கு வெளிய. இங்க வைங்க." அவன் மண்டியிட்டு, அவள் குதிகாலுக்குப் பின்னால் இருந்த நீல டைலைக் கழற்றிவிட்டு, வெள்ளைக் கோட்டுத் துண்டு உள்ள டைல் ஒன்றை மாட்டினான். அவள் பக்கவாட்டில் ஓரடி நகர்ந்தாள். அவனும் டைலோடு நகர்ந்தான். "இதா?" "இல்ல, கோடு இன்னும் சாய்ஞ்சிருக்கே, அது." இருட்டுவதற்குள் அரைவட்டம் முக்கால்வாசி வந்துவிட்டது.

திடீரென்று அவன் நிமிர்ந்து வளையத்தைப் பார்த்தான்.

"இவ்ளோ தூரத்துலேர்ந்தா போடுவ?"

"போடுவேன்."

"விழுமா?"

"நாளைக்கு வந்து பாருங்க."

அவன் அடுத்த டைலை எடுத்தான்.

6

ஞாயிற்றுக்கிழமைக் காலை, பூசை முடிந்து வந்த எலைனிடம் இதைப் படிக்கக் கொடுத்தேன். கடைசியில் ஒரு பத்தி எழுதியிருந்தேன்: மாலை ஆட்டத்துக்கு மரியநாதன் வருகிறான், முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறான். நன்றாகத்தான் வந்திருந்தது. அதை மட்டும் அவள் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டாள்.

"ஏம்மா, படிக்கறவங்களுக்கு நான் என்ன சொல்றது?"

"அவங்களும் என்னை மாதிரி காத்திருக்கட்டும் லா" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள்: "நீங்க எழுதிட்டா அவர் வந்த மாதிரி ஆயிடும்ணே. எனக்கு அவர் வரணும்."