பன்னிரண்டு மில்லி

ஐம்பது வயதில் வேலையை விட்டவளிடம் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். மாடிப்படியில் எதிர்ப்பட்ட பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். வங்கியில் படிவம் நிரப்பித் தருகிறவர் கேட்டார். நாத்தனார் வாரம் தவறாமல் போனில் கேட்டாள். அவசரப்பட்டுட்டோம்னு தோணலையா?

அவள் பதிலைத் தயாராக வைத்திருந்தாள். "முழங்கால் ஒத்துழைக்கலை. இப்ப நிம்மதியா இருக்கு." முதல் வாக்கியம் முழுப்பொய், இரண்டாவது பாதிப்பொய். சொல்லிச் சொல்லி நாக்கு பழகிவிட்டதில், சொல்லும்போது முழங்கால்கூட லேசாக வலிப்பதுபோல் இருக்கும்.

இருபத்தாறு வருடம் அவள் நகரத்தின் குடிநீர் ஆய்வகத்தில் இருந்தாள். தண்ணீரில் உப்பு எவ்வளவு, குளோரின் எவ்வளவு என்று சொல்லக் கருவிகள் இருந்தன. வாசனைக்கு மட்டும் கடைசியில் மனித மூக்குதான். குழாயில் பிடித்து வந்த தண்ணீரைக் குடுவையில் ஊற்றி, கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, மூடியைத் திறந்து முகர வேண்டும். இருநூறு மில்லியும் அந்தத் தண்ணீராகவே இருந்தால் வாசனை யாருக்கும் தெரியும். ஐம்பது மில்லியை மட்டும் எடுத்து, மீதிக்கு வாசனையே இல்லாத நீரை ஊற்றினால் பலருக்குத் தெரியாது. பன்னிரண்டு மில்லியில் கண்டுபிடிக்கிறவர்கள் அபூர்வம். அவள் கண்டுபிடிப்பாள். அதனால் அங்கே அவளுக்கு 'மூக்கு' என்று பேர். கூடையில் பாட்டில்களை அடுக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்த் தண்ணீர் பிடித்து வரும் தோழிக்கு 'பாட்டில்'. வாசனை பார்க்க இரண்டு பேர் வேண்டும் என்பது விதி. மூக்கும் பாட்டிலும் ஒரு சின்ன அறையில், நடுவில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, இருபது வருடம் எதிரெதிரே உட்கார்ந்து முகர்ந்தார்கள்.

வருடத்துக்கு ஒருமுறை முகர்கிறவர்களுக்கே பரீட்சை நடக்கும். ஐந்து குடுவை. மூன்றில் ஏதாவது இருக்கும், இரண்டு வெறும் தண்ணீர். பாட்டில் ஒவ்வொரு வருடமும் ஒன்றிரண்டைத் தப்பாகச் சொல்லிவிட்டு, "தேறினா போதும், தங்கப் பதக்கமா தரப்போறாங்க?" என்பாள். மூக்கு தப்பாகச் சொன்னதே இல்லை. வேலையை விடுவதற்கு முந்தைய வருடம்தான், வெறும் தண்ணீர் இருந்த ஒரு குடுவையைக் காட்டி "இதில் இருக்கிறது" என்று சொன்னாள். ஐந்துக்கு நாலு. யாரும் புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

அவள்தான் போகவில்லை. இல்லாத வாசனை எப்படி வந்தது? அதற்குப் பிறகு ஒவ்வொரு குடுவையையும் இரண்டு தடவை முகர்ந்தாள். வீட்டில் பால் பொங்கினால்கூட, தனக்கு முதலில் தெரிந்ததா கணவருக்கா என்று கவனித்தாள். வயதானால் மூக்கு மங்கும் என்று எங்கோ படித்தது நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. ஒருநாள் எல்லோர் முன்னாலும் அது வெளிவரும். அறைக்குள் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், அதுதான் தாங்க முடியாது. அடுத்த பரீட்சைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, முன்னதாகவே எழுதிக்கொடுத்திருந்த விருப்ப ஓய்வுக்கு அனுமதி வந்தது. அவள் வெளியே வந்துவிட்டாள்.

முதல் வாரமே மூன்று வாசனைச் சோப்பு வாங்கினாள். இருபத்தாறு வருடம் வாசனைச் சோப்பு கிடையாது, பவுடர் கிடையாது, தலைக்குக்கூட வாசனையில்லாத எண்ணெய்தான். "இப்பதான் கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கே," என்றார் கணவர். மூன்றையும் மாற்றி மாற்றித் தேய்த்துக் குளித்தாள். இரண்டு மாதம் போனபின், எந்தச் சோப்பு என்று பார்க்காமல் கைக்கு வந்ததை எடுப்பதைக் கவனித்தாள்.

ஒன்றை மட்டும் அவள் செய்யவேயில்லை. எதையும் உன்னிப்பாக முகரவில்லை. மூக்கு மங்கியிருந்தால் சரியான நேரத்தில் கிளம்பியிருக்கிறாள், கெட்டிக்காரி. மங்காமல் அப்படியே இருந்தால், போன ஏழு மாதத்தையும், மீதியிருக்கும் எட்டு வருடத்தையும் ஒரு குடுவைத் தண்ணீருக்குப் பயந்து தூக்கிப் போட்டிருக்கிறாள். மங்கியிருக்க வேண்டும் என்றே அவள் விரும்பினாள். இப்படி ஒரு ஆசை எந்தப் பைத்தியத்துக்காவது வருமா என்றும் நினைத்துக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை காலை, தோழி பாட்டில், கூடையும் கையுமாக வாசலில் வந்து நின்றாள்.

"உள்ள விடுவியா, இல்ல ஓய்வுக்குப் போனவங்களைப் பார்க்க அனுமதிச் சீட்டு வேணுமா?"

"என்ன கூடை இது?"

"பழம் வாங்கிட்டு வந்திருக்கேன்னு நினைச்சியா? தண்ணிதான்."

சமையலறை மேடையில் கூடையை வைத்துவிட்டு அவள் விஷயத்தைச் சொன்னாள். நகரத்தின் வடக்குப் பக்கம் மூன்று தெருக்காரர்கள், குழாய்த் தண்ணீரில் நாற்றம் அடிக்கிறது என்று பத்து நாளாகப் புகார் கொடுக்கிறார்கள். கருவியில் எல்லாம் சரியாகத்தான் காட்டுகிறது. முகர்ந்து சொல்ல ஆளில்லை. மூக்குக்குப் பதிலாகக் கிடங்கிலிருந்து மாற்றலாகி வந்தவர் ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட் பிடிக்கிறவர். அவருக்கு எரிகிற பீடியை மூக்கடியில் காட்டினால்தான் வாசனை என்று ஒன்று இருப்பதே தெரியும்.

"நீ இருக்கியே."

"எனக்கு மூணு வாரமா ஒண்ணும் தெரியல." பாட்டில் தன் மூக்கை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிக் காட்டினாள். "காய்ச்சல் வந்துச்சுல்ல, அதோட போயிடுச்சு. அழகுக்கு மட்டும் வச்சிருக்கேன்."

கூடத்தில் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கணவர் சொன்னார், "இங்கயும் ஆபீஸைத் திறந்துட்டீங்களா?"

"நீங்க பேப்பரைப் படிங்க," என்றாள் அவள். குரலைத் தாழ்த்திக்கொண்டு தோழியின் பக்கம் திரும்பினாள். தனக்கு வரக்கூடாது என்று ஓடிவந்தது இவளுக்கு வந்துவிட்டது. ஓய்வுக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது, வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா. பாவம், யாருக்கும் தெரியாமல் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"சோப்புப் போட்டுக் குளிச்சுட்டேனே," என்றாள்.

"வாசப்படியிலயே தெரிஞ்சிருக்கணும். எனக்கெங்க தெரியுது? வா, கழுவு."

முழங்கை வரைக்கும், பிறகு கழுத்தும் முகமும், வெறும் தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவினாள். பாட்டில் பக்கத்தில் நின்று, குழந்தையைக் குளிப்பாட்டுகிறவள் மாதிரி "காதுக்குப் பின்னால, காதுக்குப் பின்னால" என்றாள். சன்னல்களைத் திறந்துவைத்து ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். காப்பி கூடாது. கணவருக்கும் கிடைக்கவில்லை.

பிறகு பாட்டில் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கூடையில் கொண்டுவந்த குடுவைகளில் அளந்து ஊற்றி, அடியில் சாக்குக்கட்டியால் அளவை எழுதி, சூடாக்கினாள். மெல்லியதிலிருந்து தொடங்க வேண்டும், நடுநடுவே வெறும் தண்ணீர் வர வேண்டும், எது எது என்று முகர்கிறவளுக்குத் தெரியக்கூடாது. அவள் கூடத்தில் சாப்பாட்டு மேசை முன்னால், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த அன்றுகூட இப்படிப் படபடத்ததில்லை.

முதல் குடுவை. மூடியைத் திறந்தாள். சூடு மட்டும் முகத்தில் பட்டது.

"இல்ல."

இரண்டாவது. கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணாடியின் சூடு, ஆவி, அவ்வளவுதான்.

"இல்ல."

இரண்டு இல்லைகள். இவற்றில் ஒன்று நிச்சயம் பன்னிரண்டு மில்லியாக இருக்கும் என்று நினைத்தாள். சரியான நேரத்தில்தான் வெளியே வந்திருக்கிறேன். இனி யார் கேட்டாலும் பதிலின் இரண்டாவது வாக்கியத்திலாவது பொய் இருக்காது.

மூன்றாவதைத் திறந்தபோது அது இருந்தது. நூலிழை மாதிரி, வந்ததும் போய்விடுகிற மாதிரி. வெகுநாள் மூடிக்கிடந்த பெட்டியைத் திறந்தால் வருமே, அதனோடு ஈர மண்ணும் கொஞ்சம் கலந்த மாதிரி. மூடியைச் சட்டென்று மூடினாள். மறுபடி திறந்தாள். இருந்தது.

'இல்ல' என்று சொல்லிவிடலாம். ஒரு மூச்சு நேரம் அந்த வார்த்தை வாயில் உருண்டது. சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை, எதிரில் நிற்கிறவளுக்கு மூக்கே இல்லை. ஆனால் மூன்று தெருவில் ஆட்கள் அதைக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். இருபத்தாறு வருடப் பழக்கம் அவளைக் கேட்காமலே பேசிவிட்டது.

"இருக்கு. மண் வாசனை. பாசியாத்தான் இருக்கணும், தொட்டியில. ஐம்பது மில்லிதானே இது?"

பாட்டில் குடுவையைத் தலைக்கு மேல் தூக்கி அடியைக் காட்டினாள். பன்னிரண்டு. முதல் இரண்டும் வெறும் தண்ணீர்.

அவள் மீதிக் குடுவைகளையும் முகர்ந்தாள், அதெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடியவை. பாட்டில் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது, அவள் மேசைமேல் குனிந்து மெதுவாகச் சொன்னாள்:

"நீ கவலைப்படாதே. நான் யார்கிட்டயும் மூச்சுவிடமாட்டேன். எப்ப வேணும்னாலும் கொண்டு வா."

"எதைப் பத்தி?"

"உனக்கு வாசனை தெரியலைங்கிறதை."

பாட்டில் பேனாவை வைத்துவிட்டு அவளையே பார்த்தாள். பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள். "அடிப்பாவி, ரகசியமா வந்திருக்கேன்னு நினைச்சியா? போன வாரமே சார்கிட்ட சொல்லிட்டேன். சன்னல் வழியா எட்டிப் பாரு, ஆபீஸ் வண்டிதான் நிக்குது. மூக்கு வீட்டுக்குக் கொண்டு போங்கன்னு சொன்னதே அவர்தான்."

"சொல்லிட்டியா? என்னன்னு சொன்னே?"

"சார், மூக்கு போயிடுச்சுன்னு சொன்னேன். வேற எப்படிச் சொல்றது, பாட்டாவா?"

"அவர் என்ன சொன்னார்?"

"சரிம்மா, திரும்பி வர்ற வரைக்கும் கிருமி எண்ணுற மேசைக்குப் போங்கன்னார். நல்லதாப் போச்சு, உட்கார்ந்த வேலை. தெருத்தெருவா அலையறது மிச்சம்."

அவ்வளவுதானா? அவள் ஒன்றரை வருடம் தூக்கத்தில்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பயந்த விஷயம், இன்னொருத்தி வாயில் ஒரு வரியில் முடிந்துவிட்டது. அதற்குக் கிடைத்த தண்டனை ஒரு நாற்காலி.

பாட்டில் அதற்குள் அதிகாரிக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தாள். அதிகாரி தொட்டியின் பேரைக் கேட்டார், இன்றைக்கே மூடிக் கழுவச் சொல்வதாகச் சொன்னார். பிறகு, "அம்மா, கேட்கவே கூச்சமா இருக்கு. வாரத்துக்கு ரெண்டு நாள், தற்காலிகமா வந்து போக முடியுமா? முழங்கால் எப்படி இருக்கு?" என்றார்.

"யோசிச்சுச் சொல்றேன் சார்," என்றாள்.

போன் அணைந்ததும் பாட்டிலும் அதையே கேட்டாள். "ஆமா, முழங்கால் எப்படி இருக்கு?"

"முழங்காலுக்கு ஒண்ணுமில்ல. எப்பவும் ஒண்ணுமில்ல."

கணவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். அவள் அவரைப் பார்க்காமல், தோழியைப் பார்த்துச் சொன்னாள். தப்பாகச் சொன்ன அந்த ஒரு குடுவையை, அடுத்த பரீட்சைக்குப் பதினைந்து நாள் முன்னால் கிளம்பியதை, எல்லாவற்றையும். சொல்ல மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

பாட்டில் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. குடுவைகளைத் துணியில் சுற்றிக் கூடையில் வைக்க ஆரம்பித்தாள்.

"நான் வருஷா வருஷம் உன் எதிர்ல உட்கார்ந்துதானே தப்பு விட்டேன்," என்றாள். "ஒவ்வொரு தடவையும் என்னைப் பத்தி என்ன நினைச்சிட்டிருந்தே?"

"உன்னைப் பத்தி எதுக்கு நினைக்கப்போறேன்? என்னைப் பத்திதான்."

"அதான் சொல்றேன். எனக்கு வந்தா பரவாயில்ல, உனக்கு வந்தா மட்டும் குடி முழுகிடும். முழங்கால் வலின்னு நம்பி, உனக்கு வைத்தியர் விலாசமெல்லாம் விசாரிச்சேன். ஏழு மாசம் அந்தச் சிகரெட்டுக்காரர் எதிர்ல உட்கார்ந்தேன்."

"வருத்தமாத்தான் இருக்கு," என்றாள் அவள்.

"எதுக்கு? வேலையை விட்டதுக்கா, என்கிட்ட சொல்லாததுக்கா?"

அவளுக்கு இரண்டும் இருந்தன, எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பாட்டில் கூடையைத் தூக்கிக்கொண்டாள். "வண்டி நிக்குது, வரேன்," என்றாள். 'வரேன்' என்றாள், 'போறேன்' என்று சொல்லவில்லை. அதை மட்டும் பிடித்துக்கொண்டு அவள் வாசலில் நின்றாள்.

கீழே வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கணவர், "நிஜமாவே முழங்கால் வலி இல்லையா? நான் தைலம் தேய்ச்சுவிட்டதெல்லாம்?" என்றார்.

"நல்லாத்தான் இருந்துச்சு. நிறுத்திடாதீங்க."

அவர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் செய்தித்தாளை மடித்தார். அவள் போனை எடுத்து அதிகாரியைக் கூப்பிட்டாள்.

"முடிவு பண்ணிட்டீங்களாம்மா?"

"வேலைக்கு வர்றதைப் பத்தி இன்னும் இல்ல சார். போன தடவை நான் உட்காராம வந்துட்ட பரீட்சை இருக்கே, அதுக்கு என் பேரை எழுதிக்குங்க."

"எதுக்கும்மா? இப்பதானே பன்னிரண்டுல சொல்லியிருக்கீங்க?"

"இருக்கட்டும் சார். குடுவையை அவளே ஊத்தட்டும். தப்பா சொன்னா, தப்புன்னே சத்தமா சொல்லச் சொல்லுங்க."

அதிகாரிக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் எந்த நாள் சௌகரியம் என்று கேட்டார். அவள் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தாள். எல்லா நாளும் காலியாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை என்றாள்.