கில்ஃபாயில் கால்

வில்காரா பண்ணையில் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகையில், கதவையொட்டிய முதல் இடம் நெவில் கில்ஃபாயிலுடையது. இடங்களைச் சீட்டுக் குலுக்கித்தான் ஒதுக்குவார்கள். ஆனால் முதல் சீட்டு யார் கையில் விழுந்தாலும், அதை அவரிடம் நீட்டிவிட்டு அவருடைய சீட்டை வாங்கிக்கொள்வது அங்கே வழக்கம். அந்த இடத்தின் தரைப்பலகையில் ஒரு பாத அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. அவருடைய அப்பா இருபத்தெட்டு வருடமும் அவர் முப்பத்தொன்பது வருடமும் இடது காலை ஊன்றித் தேய்த்த பள்ளம் அது. "கால நட்டா நட்டதுதான். ஆடு திரும்பணும், ஆள் திரும்பணும், கால் திரும்பக் கூடாது" என்பது அப்பாவின் சட்டம். ரிவரினா வட்டாரம் முழுக்க அதற்குக் கில்ஃபாயில் கால் என்றே பெயர்.

அந்தக் குடும்பத்துக்கு இன்னொரு சட்டமும் உண்டு. ஒரு கொட்டகையில் வேலைக்கு நின்றால், கடைசி ஆட்டின் ரோமம் இறங்கும்வரை கத்தரிக்கும் இயந்திரத்தைக் கீழே வைக்கக் கூடாது. தாத்தா இரண்டு விலா எலும்பு உடைந்த நிலையில் கத்தரித்து முடித்தவர். மூன்று தலைமுறையில் பாதியில் போன கில்ஃபாயில் ஒருவரும் இல்லை.

இந்த முறை இன்னும் எட்டாயிரம் ஆடுகள் மிச்சம் இருந்தன. ஏழு பேருக்கு ஒன்பது நாள் வேலை. நெவிலின் இடது முட்டியோ, ஒன்பது மணி நேரம்கூடத் தாங்காது என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. தேநீர் இடைவேளையில் எல்லோரும் கம்பளி மூட்டைகள்மேல் சரிந்து உட்காரும்போது, அவர் மட்டும் தூணில் சாய்ந்து நின்றபடி குடித்தார். உட்கார்ந்தால் எழும்போது முகம் காட்டிக்கொடுத்துவிடும். படியில் இறங்கும்போது, மேகத்தைப் பார்ப்பவர்போல ஒவ்வொரு படியிலும் நின்று வானத்தைப் பார்த்தார்.

"என்ன பெருசு, மழை வருமான்னு படிக்குப் படி பாக்குறீங்க?" என்று டூகல் கேட்டான். அவன் இரண்டாவது இடத்துக்காரன். கை இயந்திரத்தில் ஓட, வாய் ஊர்வம்பில் ஓடும்.

"ஒன் வேலைய நீ பாரு."

மூன்றாவது இடத்தில் இருந்தவள் அவருடைய மகள் கெரின். முப்பத்துநாலு வயது. ஒரு நாளைக்கு நூற்று நாற்பது ஆடு சளைக்காமல் கத்தரிப்பாள். அவள் எதுவும் கேட்கவில்லை. சனிக்கிழமை காலையில், "டயர் மாத்தணும், நரண்டெரா டவுன் வரைக்கும் வாங்கப்பா" என்று அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டாள்.

வண்டி ஒரு சின்ன ஓட்டு வீட்டின் முன் நின்றது. கைரோபிராக்டர் எல்ஸ்பெத் டன்க்ளி என்று பலகை தொங்கியது; கீழே, 'முதுகு, மூட்டுப் பிடிப்புகள் கையால் சரிசெய்யப்படும்' என்று இருந்தது.

"டயர் கடை எப்பலேருந்து இங்க வந்துச்சு?"

"தேஞ்சுபோன டயர் இங்கதான்பா பாப்பாங்க."

அவர் இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பார். ஆனால் எதிர் ரொட்டிக்கடைக்காரி ஜன்னல் வழியாகக் கையசைத்துவிட்டாள். நடுத்தெருவில் மகளோடு மல்லுக்கட்டுவது கில்ஃபாயில்களுக்கு அழகில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனார்.

அந்த வட்டாரத்துக் கத்தரிப்பாளர்களில் பாதிப் பேரின் முதுகு எல்ஸ்பெத்தின் கை பட்டதுதான். நாற்பத்தைந்து வயதிருக்கும். குட்டையான உருவம், தச்சனுடைய விரல்கள். நெவிலைப் படுக்கச் சொல்லி முட்டியை மடக்கினாள், நீட்டினாள், பக்கவாட்டில் அசைத்தாள்.

"சட்டுனு ஒரு முறுக்கு முறுக்கிவிடும்மா, போயிடறேன்" என்றார் நெவில்.

"முட்டியத்தான் தினமும் நூறு தடவ நீங்களே முறுக்குறீங்களே, நான் வேற எதுக்கு?" என்றவள், இடுப்பு மூட்டில் கை வைத்தாள்.

"நான் வந்தது முட்டிக்கு."

"முட்டி பாவம், நடுவுல மாட்டிக்கிட்ட ஆளு. மேல இடுப்பு துருப்பிடிச்ச கேட்டு மாதிரி இருக்கு. கீழ ஏதோ ஒண்ணு நகர மாட்டேங்குது, அது என்னன்னு பாக்கணும். நீங்க எப்படிக் கத்தரிப்பீங்கன்னு காட்டுங்க."

"ஆட்டுக்கு எங்க போறது?"

மூலையில் அடர்ந்த முடியோடு ஒரு கிழட்டு நாய் தூங்கிக்கொண்டிருந்தது. எல்ஸ்பெத் அதைப் பார்த்தாள். நெவிலும் பார்த்தார். அடுத்த நொடி நாயின் முன்னங்கால்கள் அவர் கையில், முதுகு அவர் தொடைகளுக்கு நடுவில். நாய் ஒருமுறை கண்ணைத் திறந்து, எதிர்த்துப் பயனில்லை என்று கண்டு, மறுபடி மூடிக்கொண்டது. அதைக் கிடத்தி, வாலிலிருந்து தலைவரை போகும் நீள வெட்டை வெறுங்கையால் காட்டினார் அவர்.

"நிறுத்துங்க. அந்த இடது கால் ஏன் அப்படியே நிக்குது? உடம்பு முழுசாத் திரும்பியாச்சு, பாதம் மட்டும் ஆணி அடிச்ச மாதிரி. முட்டி என்ன செய்யும்? குதிகாலக் கொஞ்சம் தூக்கி, விரலையும் உடம்போட சேத்துத் திருப்புங்க. அவ்வளவுதான்."

நெவில் நாயை மெதுவாகக் கீழே விட்டு நிமிர்ந்தார்.

"அது எங்கப்பா வச்ச கால்."

"சரி. அப்பாவுக்கு முட்டி எப்படி இருந்துச்சு?"

அப்பா கடைசிப் பத்து வருடம் இரண்டு தடிகளோடு நடந்தவர். குதிரையிலிருந்து விழுந்ததாக வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். அப்பா வாழ்நாளில் குதிரை ஏறியதில்லை என்பது கெரினுக்கும் தெரியும். அவள் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தை மிகவும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்ஸ்பெத் அவரைப் பக்கவாட்டில் படுக்கவைத்து இடுப்பை அழுத்தினாள். உள்ளே எங்கோ 'டக்' என்றது. கணுக்காலை இழுத்துத் தளர்த்தினாள். இடுப்பைச் சுழற்ற மூன்று பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தாள்.

"இத ஒவ்வொரு இடைவேளையிலயும் செய்யுங்க. நாளைக்கு ஞாயிறு, ஓய்வு. திங்களும் ஓய்வு."

"திங்க வேலை."

"அப்ப அடுத்த வெள்ளிக்கிழம உங்களக் கொட்டகையிலேருந்து நாலு பேரு தூக்கிட்டு வருவாங்க. உங்க இஷ்டம். ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. முட்டி வீங்கினாலோ, மடக்கின இடத்துலயே பூட்டிக்கிட்டாலோ எங்கிட்ட வராதீங்க. நேரா டாக்டர்கிட்ட போய்ப் படம் எடுங்க."

திரும்பும் வழியில் நெவில் ஜன்னல் பக்கமே பார்த்தபடி வந்தார். அறுபது மைல் தாண்டி, "அந்த நாய்க்கு நல்ல ரோமம்" என்றார். கெரின் அதற்குமேல் அவரைத் துருவவில்லை.

ஞாயிறு மாலை நாலு தூறல் விழுந்தது. திங்கள் காலை, ஆடு ஈரமா என்ற கேள்வி எழுந்தது. ஈர ஆட்டைக் கத்தரித்தால் மூட்டுகளில் வாதம் இறங்கும் என்பது கத்தரிப்பாளர்களின் பழைய பயம். அதனால் முடிவு பண்ணை முதலாளியுடையது அல்ல, அவர்களுடையது. ஆளுக்கு இரண்டு ஆடு கத்தரித்துப் பார்ப்பார்கள். பிறகு ரகசியமாக ஓட்டு. ஈரம் என்று முடிவானால் அன்றைக்கு வேலை கிடையாது. யார் என்ன எழுதினார்கள் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. ஓட்டை எண்ணிச் சொல்லும் பிரதிநிதி நெவில்தான், பதினேழு வருடமாக.

முதல் ஆட்டிலேயே முட்டிக்குள் யாரோ பழுக்கக் காய்ச்சிய கம்பியைத் திருகினார்கள். இரண்டாவது ஆட்டின் ரோமத்துக்குள் அவர் விரல்களை ஆழமாக நுழைத்துப் பார்த்தார். வைக்கோல்போல உலர்ந்திருந்தது.

காகிதத் துண்டு கையில் இருந்தது. ஈரம் என்ற ஒரே சொல். எழுதினால், தன் ஓட்டோடு இன்னும் மூன்று விழுந்தால், ஒரு நாள் ஓய்வு. மிச்ச நாள்களையும் ஒருவேளை தாண்டிவிடலாம். எழுதாவிட்டால் கொட்டகையைப் பாதியில் விட்ட முதல் கில்ஃபாயில் அவராகத்தான் இருப்பார். பென்சில் கொஞ்ச நேரம் நின்றது. ஓட்டு ஆட்டைப் பற்றியது, ஆளின் முட்டியைப் பற்றியது அல்ல. 'உலர்' என்று எழுதி மடித்துத் தேயிலை டப்பாவில் போட்டார்.

பிறகு டப்பாவைக் கவிழ்த்து உரக்க வாசித்தார்.

"ஈரம். ஈரம். ஈரம்." நான்காவதைப் பிரித்தார். "ஈரம்." குரல் கொஞ்சம் இறங்கியது. "ஈரம். ஈரம்." கடைசித் துண்டில் தன் கையெழுத்து இருந்தது. "உலர்."

ஆறு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூரையில் பார்க்க ஒன்றுமில்லை.

முதலாளி அப்ஜான் ஒரு ஆட்டின்மேல் கையை வைத்துத் தடவினார். உள்ளங்கையைப் பார்த்தார். "நெவில், நீ சொல்லு. இது ஈரமா?"

நெவில் வாழ்நாளில் ஒரு பொய் சொல்லாத மனிதர். கொட்டகையே அவர் வாயைப் பார்த்தது.

"ஓட்டு அப்படிச் சொல்லுதுங்க" என்றார் நெவில். "வாசிக்கிறது மட்டுந்தான் என் வேலை."

அப்ஜான் தொப்பியை மாட்டிக்கொண்டு, வெயிலில் கண்ணைச் சுருக்கியபடி போனார்.

"டேய் டூகல், உன் ஆடு ஈரமா?" என்றார் நெவில்.

"சொட்டச் சொட்ட, பெருசு. தூண்டில் போட்டா மீன் மாட்டும்."

நெவில் மகளிடம் திரும்பினார். "கில்ஃபாயில் ஒருத்தி பொய் ஓட்டுப் போட்டிருக்கா."

"ரகசிய ஓட்டுப்பா. கேக்கவே கூடாதுன்னு எனக்குச் சொன்னதே நீங்கதான்."

அவருக்குக் கோபம் வந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஓட்டை மதிக்காவிட்டால் பதினேழு வருடப் பிரதிநிதி என்ன பிரதிநிதி? ஆகவே ஓய்வெடுப்பது கடமையாகிவிட்டது. மதியம்வரை கட்டிலில் படுத்து அந்தக் கடமையைச் செய்தார்.

மாலையில் யாருமில்லாத கொட்டகைக்குப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்ஸ்பெத்தின் பயிற்சிகளைச் செய்தார். பிறகு முதல் இடத்தில் நின்று, குதிகாலைத் தூக்கி விரலைத் திருப்பிப் பார்த்தார். கால் சொன்னபடி எழுந்தது, பிறகு வழுக்கிக்கொண்டு பள்ளத்துக்குள்ளேயே விழுந்தது. நாலு தடவையும் அப்படியே.

பின்னால் கெரின் நின்றிருந்தாள்.

"எப்ப வந்த?"

"மூணாவது தடவையில."

"நீ எப்படி வைப்ப? காட்டு."

அவள் குனிந்து இல்லாத ஆட்டைக் கிடத்தினாள். நீள வெட்டில் அவளுடைய இடது குதிகால் லேசாக எழுந்தது, பாதம் உடம்போடு சேர்ந்து திரும்பியது. பதினாலு வருடமாக நெவில் 'டான்ஸ்' என்று திட்டிவந்த அதே கால். எல்ஸ்பெத் சொன்ன அதே கால்.

"ம்" என்றார். "இன்னொரு தடவ."

அவள் இன்னொரு தடவை செய்தாள். "என் இடத்துல நில்லுங்கப்பா. நான் இங்க நிக்கிறேன்."

"என் இடம் இதுதான்."

அவர் வெளியே போய்ச் சுத்தியலும் கடப்பாரையும் கொண்டுவந்தார். முட்டிபோட முடியாததால் ஒரு மூட்டையின்மேல் உட்கார்ந்து, பள்ளம் விழுந்த பலகையின் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கெரின் மறுமுனையைத் தூக்கினாள். அறுபத்தேழு வருடத்து ஆட்டு எண்ணெய் ஊறிய பலகை கனத்தது. அதைத் தூக்கி எறிவார் என்று அவள் நினைத்தாள். அவர் அதைக் கவிழ்த்துப் போட்டார். அடிப்பக்கம் புத்தம் புதிதாக, சமமாக இருந்தது. அப்பாவின் பள்ளம் கீழே அப்படியேதான் இருந்தது. அவர் அதன்மேல் நின்று ஆணி அடித்தார்.

செவ்வாய்க்கிழமை வேலையின் முதல் இரண்டு மணி நேரத்தில் இருபத்திரண்டு ஆடுதான் கத்தரிக்க முடிந்தது. வழக்கமாக முப்பத்தைந்து.

"பெருசு, ஆட்டுக்கு முடி வெட்டுறீங்களா, இல்ல கல்யாணத்துக்குச் சிங்காரிக்கிறீங்களா?" என்றான் டூகல்.

"உன் ஆட்டுல மீன் இருக்கான்னு பாரு."

புதன்கிழமை இருபத்தெட்டு. வெள்ளிக்கிழமை முப்பத்துமூன்று. முட்டி முணுமுணுத்தது, ஆனால் கத்தவில்லை. சனிக்கிழமை அவராகவே நரண்டெராவுக்குப் போய்விட்டு வந்தார். நாய் அவரைக் கண்டதும் மேசைக்கடியில் போய் ஒளிந்துகொண்டதாம்.

அடுத்த வியாழக்கிழமை மூன்று மணிக்குப் பட்டி காலியானது. கடைசி ஆடு முதல் இடத்துக்கு வந்தது. அதை யாரும் அவருக்காக விட்டுக்கொடுத்தார்களா என்று அவர் கேட்கவில்லை. கேட்கக் கூடாதவை சில உண்டு என்று இப்போது அவருக்குப் பழகியிருந்தது. நீள வெட்டில் குதிகால் எழுந்தது, பாதம் திரும்பியது, ரோமம் ஒரே போர்வையாக விரிந்து விழுந்தது. இயந்திரத்தை நிறுத்திக் கீழே வைத்தார்.

பக்கத்துப் பண்ணையிலிருந்து மூட்டை ஏற்ற வந்திருந்த ஒருவன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தக் காலு புதுசா இருக்கே. எங்க கத்துக்கிட்டீங்க?"

நெவில் முதுகை நிமிர்த்தினார்.

"புதுசா? இது கில்ஃபாயில் கால்யா. எங்க குடும்பத்துல எல்லாரும் இப்படித்தான் வைப்போம்."

கெரின் தன் இயந்திரத்துக்கு மும்முரமாக எண்ணெய் போட்டாள். டூகல் மறுபடியும் கூரையைப் பார்த்தான். நெவில் அன்று முதல்முறையாக ஒரு கம்பளி மூட்டையின்மேல் தாராளமாக உட்கார்ந்து, தேநீரை வாங்கிக்கொண்டார்.